கிளைடர் உடலில் விரிசலா? எடை கூடாமல் ஒட்டுங்கள்

மாடல் கிளைடர் தரையில் மோதி இறங்கும்போது மூக்கு தப்பிவிடும். இறக்கைக்குப் பின்னால், உடல் ஒடுங்கி வால் குழாயாக மாறும் இடத்தில்தான் ஃபைபர் கிளாஸ் விரிசல் விடும். உடல் சட்டென்று நின்றாலும் வாலின் எடை நிற்காமல் சவுக்கு போலச் சுண்டுவதே காரணம். விரிசலை யாரும் ஒட்டிவிடலாம். எடை கூடாமல் ஒட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

1. கண்ணுக்குத் தெரிவதைவிடச் சேதம் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். விரிசலைச் சுற்றி நாணயத்தால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இடம். மந்தமாகக் கேட்டால் உள்ளே துணி அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. அந்த எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்காத உடலாக இருந்தால் உள்ளே டார்ச் அடித்தாலே பிரிந்த இடம் வெள்ளையாகத் தெரியும்.

2. வால் குழாய்க்குள் ஓடும் கம்பிகளை முதலில் உருவிவிடுங்கள். உள்ளே ரெசின் கசிந்தால் அவையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

3. இறக்கையையும் வால் இறக்கையையும் மாட்டி, பின்னாலிருந்து பார்த்து நேராக்குங்கள். விரிசலின் விளிம்புகள் பொருந்தியதும் ஃபெவிக்விக் போன்ற பசையை அங்கங்கே ஒரு சொட்டு விட்டால் போதும். இது நிலைநிறுத்த மட்டுமே. வலுவுக்கு இதை நம்பக் கூடாது.

4. விரிசலின் இருபுறமும், பென்சில் குறியைத் தாண்டி, சுமார் 15 மி.மீ. அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். பெயின்ட் முழுக்கப் போகவேண்டும். இல்லையென்றால் ஒட்டுத்துணி பெயின்ட்டோடு உரிந்து வந்துவிடும். விரிசல் அருகே கூடுதலாகவும் வெளியே போகப்போகக் குறைவாகவும் சரிவாகத் தேய்ப்பது நல்லது. பிறகு அசிட்டோனால் துடைத்துவிட்டு, அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

5. கண்ணாடித் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க், கையுறை கட்டாயம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. ஆனால் ஒட்டும் முன் இடம் நன்றாகக் காயவேண்டும்.

6. ரெசினில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். படகு, தண்ணீர்த் தொட்டி வேலைக்கு விற்கும் பாலியெஸ்டர் ரெசின் மலிவு. ஆனால் எபாக்ஸியில் செய்த உடலில் அது சரியாகப் பிடிக்காது. எபாக்ஸியோ இரண்டிலும் பிடிக்கும். உடல் எதில் செய்தது என்று தெரியாவிட்டால் எபாக்ஸியே வாங்குங்கள். அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம்; துணியில் ஊறும் முன்பே கெட்டியாகிவிடும். டியூபில் வரும் சாதா அரால்டைட்டும் இந்த வேலைக்குக் கெட்டித்தன்மை அதிகம். துணியில் ஊறுவதற்கென்றே நீர்த்த பதத்தில் விற்கும் ரெசினைக் கேளுங்கள்.

7. ரெசினையும் ஹார்டனரையும் கண்ணளவில் ஊற்றாமல், சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தவறு. மிச்ச ஹார்டனர் ஒட்டையே பலவீனமாக்கும். கலவையைக் குறுகலான கப்பில் வைத்தால் சூடேறிக் கெட்டியாகிவிடும், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். தட்டையான மூடியில் பரப்பி வையுங்கள்.

8. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள கண்ணாடித் துணி இதற்குப் பொருத்தம். வெட்டும் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்து வெட்டினால் நூல் பிரியாது. வால் குழாய் வளைவதோடு முறுக்கவும் படும். ஆகவே ஒரு அடுக்கை நேராகவும் அடுத்ததைக் குறுக்குச் சாய்வாகவும் போடுங்கள். அடுக்குக்கு அடுக்கு அளவை மாற்றினால் விளிம்புகள் ஒரே இடத்தில் விழாது.

9. துணியின் எடை அளவுக்கு ரெசின் இருந்தால் போதும். துணி கண்ணாடி மாதிரித் தெளிந்ததும் நிறுத்திவிட்டு, டிஷ்யூ தாளால் ஒற்றி மிச்சத்தை எடுங்கள். இதில் ஏன் இத்தனை கறார் என்றால், ஈர்ப்பு மையத்திலிருந்து 60 செ.மீ. பின்னால் 5 கிராம் கூடினால், 20 செ.மீ. முன்னால் மூக்கில் 15 கிராம் ஈயம் வைத்தால்தான் சமநிலை திரும்பும். ஆக மொத்தம் 20 கிராம்!

10. மேலே பாலித்தீன் தாளைச் சுற்றி, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எபாக்ஸி பாலித்தீனில் ஒட்டாது. அழுத்தத்தில் மிச்ச ரெசினும் வெளியேறி, பரப்பும் வழவழப்பாக வரும்.

11. ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். இறுகிய பரப்பில் மெழுகு போல ஏதாவது படிந்திருந்தால் தண்ணீரில் கழுவிவிட்டுத் தேயுங்கள். கார் பட்டி பூசாதீர்கள், எடை அதிகம்.

12. கார்பன் துணி உறுதியானதுதான். ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைத் தடுக்கும். ரிசீவரின் ஆன்டெனா இருக்கும் பகுதியில் கண்ணாடித் துணிதான் சரி.

13. பறக்கவிடும் முன் ஈர்ப்பு மையத்தைப் பாருங்கள், ரேஞ்ச் செக் செய்யுங்கள். பிறகு புல்தரையில் கையால் மெல்ல எறிந்து பார்க்கலாம்.

14. அதே இடம் இரண்டாம் முறையும் ஒடிந்தால் ஒட்டாதீர்கள். தேய்க்கத் தேய்க்கப் பழைய இழை குறையும், வாலில் எடைதான் ஏறும். புது உடல் வாங்குவதே லாபம்.