புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது?

உணவின்றிச் சில நாள் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்களும் வாழ இயலாது. அக்காற்றே சில ஆண்டுகளில் புகைமூட்டமாகி நம்மை வருத்துகிறது. 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐக் கடந்தது. 300ஐத் தாண்டினாலே பேராபத்தாம். சரவாக்கில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன.

புகையிலுள்ள துகள்களுள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவையே கொடியவை. அவை தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. ஆதலின், மூச்சுடன் சென்று நுரையீரலின் அடியாழத்தில் தங்கிவிடுகின்றன.

இத்துகள்களின் பிறப்பிடத்தை ஆய்வாளர் எவ்வாறு அறிகின்றனர்? காற்றை வடிதாளின் வழியே உறிஞ்சி, அதில் படியும் துகள்களைப் பகுத்தாய்கின்றனர். மரமும் தழையும் எரிந்தால் லெவோகுளுக்கோசன் என்னும் பொருள் தோன்றும். கப்பல்கள் எரிக்கும் கனத்த எண்ணெய் வனேடியத்தை விட்டுச் செல்லும். கடலலையின் திவலை உப்பைத் தரும். காற்று வீசும் திசையும், துணைக்கோள் படங்களில் தெரியும் தீப்புள்ளிகளும் மேலும் சான்றாகின்றன. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மக்கிய தழைகள் படிந்த சதுப்பு நிலங்களில் மூண்ட தீயே பெரும் புகைமூட்டங்களுக்குக் காரணம் என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன.

ஆயினும், புகைமூட்டம் இல்லாத நாள்களிலும் வடிதாள் வெண்மையாக இருப்பதில்லை. அன்று அதைக் கறுக்கச் செய்வன நம் வாகனங்களும் தொழிற்சாலைகளும் நாம் எரிக்கும் குப்பையுமே. அண்டை நாட்டுத் தீயை நம்மால் அணைக்க இயலாது. நம் வீட்டுக் கொல்லையில் தீ மூட்டாதிருக்க நம்மால் இயலும். அதனை இன்றே தொடங்குவோமாக!