பொழுது சாய்வதற்குள்

வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் ஓட்டு வீடு. எண்பது வயது மாமியார் எங்களோடு இருக்கிறார். புயல் அறிவிப்பு வந்தால் எப்போது முகாமுக்குக் கிளம்புவது? முன்னாலேயே போனால் அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள்.
– ஒரு வாசகி

சிரிக்கட்டும் சகோதரி, அவர்களுக்கும் முகாமில் பாய் பிடித்து வையுங்கள்!

உங்கள் வீட்டுக்கு ஒரே கணக்குதான். பொழுது சாய்வதற்குள் முகாமில் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது நள்ளிரவு தாண்டி. அந்த நேரத்தில் கரண்ட் இருக்காது, பாதையில் மரம் கிடக்கும், ஓடுகள் பறக்கும். வயதானவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு பத்தடி நடக்க முடியாது. ஆகவே புயல் உங்கள் கரையை நோக்கி வருகிறது, மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை என்று கேட்டதுமே, வெளியே வெயில் அடித்தாலும் புறப்படுங்கள். யாராவது வந்து கதவைத் தட்டட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாமியாருக்கு வண்டி வேண்டுமென்றால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குப் பகலிலேயே பேசுங்கள்.

இன்னொன்று, இதுதான் பலரை ஏமாற்றுவது. புயலின் கண் ஊர்மேல் கடந்தால் காற்று சட்டென்று அடங்கிவிடும். முடிந்தது என்று வீட்டைப் பார்க்க ஓடாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். அதிகாரிகள் சொன்ன பிறகே திரும்புங்கள்.

மாமியாரின் மாத்திரை, கண்ணாடி, ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் இப்போதே இருக்கட்டும். ஆடு மாடு இருந்தால் கிளம்பும்போது கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.