ஓய்வு யாருக்கு?
விடுமுறைப் பயணத் திட்டத்தைப் பாடமாக்கிய வகுப்பறை அனுபவம்

ஏப்ரல் முதல் வாரம். ஏழாம் வகுப்பில் கட்டுரைப் பயிற்சிக்காக ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன்: ‘இந்தக் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு எங்கே போகலாம்? ஏன்?’

இருபத்தெட்டுப் பேரில் பாதிக்கு மேல் ஊட்டி என்று எழுதியிருந்தார்கள். மலைகளின் அரசி, குளிர்ந்த காற்று, பூங்கா என எல்லா நோட்டிலும் ஒரே வரிகள். கடைசி வரிசை மாணவன் ஒருவனின் நோட்டில் தலைப்பு மட்டுமே இருந்தது. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“எங்கப்பா லாரி ஓட்டறாருங்க டீச்சர். மாசத்துல மூணு நாலு நாள்தான் வீட்டுல இருப்பாரு. அவருக்கு மறுபடியும் ஊருக்குப் போறது எப்படிங்க லீவாகும்?”

என்னிடம் பதில் இல்லை. எங்கள் பள்ளி நாமக்கல்லுக்கு அருகில் இருக்கிறது. லாரி, கோழிப்பண்ணை, விசைத்தறி ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்கள்தான் இங்கு அதிகம். இது தெரிந்தும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அன்றிரவு, சென்ற ஆண்டு எங்கள் குடும்பம் ராமேஸ்வரம் போய்வந்த படங்களை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் நான் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். ‘எங்கே’ என்பதற்கு முன்னால் ‘யாருக்கு ஓய்வு’ என்று கேட்டிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. அதே பாடத்தை நான்கு பாடவேளைகளாக மாற்றி மறுபடி நடத்தினேன்.

படி 1: வீட்டில் கேட்டு வருதல்

வீட்டில் மூன்று பேரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி வரச் சொன்னேன்: ‘உங்களுக்கு ஓய்வு என்றால் என்ன?’

மறுநாள் வந்த பதில்கள் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லாதவை. அம்மாக்கள் பலரும் சொன்னது, “யாராவது சமைச்சுப் போட்டா நான் உக்காந்து சாப்பிடணும்.” அப்பாக்களில் பலர் தூக்கம் என்றார்கள். ஒரு பாட்டி, “பேரப்பிள்ளைங்க பக்கத்துல இருந்தாப் போதும்” என்றாராம். தம்பி தங்கைகளுக்கோ தண்ணீரும் மணலும் வேண்டும். ஒரே வீட்டில் நான்கு விதமான ஓய்வு. இவற்றை வகைப்படுத்திப் பட்டியலிட்டபோது, தங்கள் அம்மாவின் பதிலை இதற்கு முன் கேட்டதே இல்லை என்று பலர் சொன்னார்கள்.

படி 2: ஒரு கற்பனைக் குடும்பம்

சொந்தக் குடும்பத்தின் வரவு செலவை வகுப்பில் சொல்ல வைப்பது சில குழந்தைகளைக் கூச வைக்கும். ஆகவே எல்லாக் குழுக்களுக்கும் ஒரே கற்பனைக் குடும்பத்தைக் கொடுத்தேன். லாரி ஓட்டும் அப்பா, கோழிப்பண்ணையில் வேலை செய்யும் அம்மா, முழங்கால் வலியுள்ள பாட்டி, 11 வயது அக்கா, 4 வயது தம்பி. கையில் 4,000 ரூபாய். இரண்டு நாள் விடுப்பு.

முதல் கணக்கு பேருந்துக் கட்டணம். அரசுப் பேருந்தில் 5 வயது வரை இலவசம். அதற்கு மேல் 12 வயது வரை அரைக் கட்டணம். அப்படியானால் இந்தக் குடும்பத்துக்கு மூன்றரைக் கட்டணம். ஒருவருக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒருவழிக்கு 210, போகவர 420. பின்னமும் பெருக்கலும் தானாகவே வந்து சேர்ந்தன.

படி 3: இடங்களை ஒப்பிடுதல்

நான்கு குழுக்கள், நான்கு இடங்கள்: ஊட்டி, ஏற்காடு, கொல்லிமலை, மேட்டூர். பயண நேரம், செலவு, பருவம், சிறுவர்க்கும் முதியவர்க்கும் ஏற்றதா, யாருக்கு ஓய்வு கிடைக்கும் ஆகிய ஐந்து தலைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண் தர வேண்டும்.

ஊட்டிக் குழுதான் முதலில் திணறியது. எங்கள் ஊரிலிருந்து போக ஏழு மணி நேரம் என்று வைத்தால், போகவர பதினான்கு. 48 மணியில் உறக்கத்துக்குப் பதினாறு போனால் மிச்சம் பதினெட்டுதான். மலை ரயிலில் போகலாம் என்றாள் ஒரு மாணவி. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டரை அது ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று கணக்கிட்டு வகுப்பே சிரித்தது. ரசிப்பதற்கான ரயில் அது, அவசரத்துக்கானது அல்ல என்று அவர்களே சொன்னார்கள். சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதையும், அந்த நடைமுறை 2024 மே மாதத்தில் ஏன் வந்தது என்பதையும் பேசினோம்.

ஏற்காட்டுக் குழு வெப்பநிலையைக் கணக்கிட்டது. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று சமூக அறிவியலில் படிக்கிறோம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. வேறுபாடு சுமார் 8 டிகிரி. சேலத்தில் 38 என்றால் மேலே 30. ஊட்டி 2,240 மீட்டர் என்பதால் அங்கே ஸ்வெட்டர் செலவையும் சேர்க்க வேண்டும் என்று இந்தக் குழு அடுத்த குழுவுக்கு எடுத்துக் கொடுத்தது.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். 4 வயதுத் தம்பிக்கு வாந்தி வராதா? ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பாட்டி மேலே அறப்பளீஸ்வரர் கோயிலில் உட்கார்ந்திருக்கட்டும் என்று குழு முடிவு செய்தது. உடனே எதிர்க்கேள்வி வந்தது: “பாட்டியத் தனியா விட்டுட்டுப் போனா அது பாட்டிக்கு லீவா?” அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அப்பாவும் அக்காவும் முதலில் இறங்கி வருவது, அதுவரை அம்மாவும் தம்பியும் பாட்டியுடன் இருப்பது, பிறகு அம்மாவும் அக்காவும் போய்வருவது என்று மாற்றி அமைத்தார்கள். ‘அக்காவுக்கு இரண்டு தடவை படியேற முடியுமா?’ என்று கேட்டதும் மறுபடி பேச்சு தொடங்கியது.

படி 4: முடிவும் காரணமும்

மேட்டூர்க் குழுவில்தான் அந்த மாணவன் இருந்தான். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை, அருகே பூங்கா, பொரித்த மீன் என்று தொடங்கிய அவர்கள் திட்டம் இப்படி முடிந்தது:

‘முதல் நாள் யாரும் எங்கும் போகவில்லை. அப்பா தூங்குகிறார். அக்காவும் தம்பியும் சத்தம் போடக் கூடாது. இரண்டாம் நாள் மேட்டூர். பேருந்தில்தான் போக வேண்டும், அப்பா வண்டி ஓட்டக் கூடாது. சாப்பாடு கடையில். அம்மா சமைக்கக் கூடாது. ஆற்றில் இறங்கக் கூடாது.’

வெயிலுக்காகப் பருவத்தில் இரண்டு மதிப்பெண் இழந்தாலும், மொத்தத்தில் இந்தத் திட்டம்தான் முதலிடம் பெற்றது. எந்த இடம் சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. குடும்பம் மாறினால் விடையும் மாறும் என்பதை மட்டும் எழுதி வைத்தோம்.

நீங்களும் செய்து பார்க்க

• தொடக்க வகுப்புகளில் முதல் படி மட்டும் போதும். பதில்களைப் படமாக வரையச் சொல்லலாம்.
• உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் இடம் ஒன்றாவது பட்டியலில் இருக்கட்டும்.
• நீர்நிலை உள்ள இடம் என்றால் பாதுகாப்பை ஒரு தலைப்பாகவே சேர்த்துவிடுங்கள்.
• ‘விடுமுறையில் எங்கே போனாய்?’ என்று ஜூன் மாதத்தில் வகுப்பின் முன் நிறுத்திக் கேட்பதைத் தவிர்க்கலாம். ‘வீட்டில் யாருக்கு ஓய்வு கிடைத்தது?’ என்ற கேள்விக்கு எல்லாக் குழந்தையிடமும் ஏதாவது பதில் இருக்கும்.

நானும் ஜூனில் அப்படித்தான் கேட்டேன். அந்த மாணவன் கையை உயர்த்தினான்.

“மேட்டூர் போக முடியலைங்க டீச்சர், அப்பாவுக்கு லோடு வந்துடுச்சு. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் மோகனூர் காவேரிக் கரைக்குப் போனோம். அப்பாவே கடையில பரோட்டா வாங்கிட்டு வந்தாரு. அம்மா அன்னைக்குச் சமைக்கலைங்க.”