தலைக்குள் ஓடும் காசோலைக் கணக்கு

கண்டி நகரில் புடவைக் கடை நடத்தும் நண்பர் ஒருவரிடம் அண்மையில் சுகம் விசாரித்தேன். "எனக்கு ஒரு வருத்தமும் இல்ல நானா. ராவு ரெண்டு மணிக்கு முழிப்பு வரும், அவ்வளவுதான்" என்றார். விழித்ததும் முதலில் என்ன ஞாபகம் வரும் என்று கேட்டேன். "வியாழக்கிழமை செக்" என்றார். எவ்வளவு காலமாக இப்படி? "ரெண்டு வருஷம் இருக்கும்."

வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று அவர் அதை ஒரு வருத்தமாகவே கணக்கில் எடுக்கவில்லை. நம்மில் பலரும் அப்படித்தான்.

மன அழுத்தத்தை ஆராய்ந்தவர்களில் முன்னோடியான ஹான்ஸ் செலியே 1936ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். நெருக்கடிக்கு ஆளான உடல் மூன்று கட்டங்களைக் கடக்கிறது என்பது அவரது கருத்து. முதலாவது எச்சரிக்கைக் கட்டம்: நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், அட்ரினலின் சுரக்கும். இது கெட்டதல்ல, சாமான் ஏற்றிய லொறி பாதையில் நின்றுவிட்டால் நம்மை ஓடவைப்பது இதுதான். இரண்டாவது தாக்குப்பிடிக்கும் கட்டம். நெருக்கடி தீராதபோது உடல் அதற்குப் பழகியதுபோல் நடந்துகொள்ளும். மூன்றாவது கட்டத்தில் சக்தி தீர்ந்து உடல் விழுந்துவிடும்.

வியாபாரிக்கு ஆபத்தானது இரண்டாவது கட்டம் என்பேன். கடை திறக்கிறது, கல்லா ஓடுகிறது, முதலாளி நிமிர்ந்து நிற்கிறார். வீட்டாரும் அவர் சுகமாக இருப்பதாகவே நினைக்கிறார்கள். அவரும் அதைத் தன் கெட்டித்தனம் என்றே எண்ணிக்கொள்கிறார்.

கண்டிப் பகுதி வியாபாரிகள் இந்தக் கட்டத்தில் எவ்வளவு காலம் நின்றிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2018 மார்ச்சில் திகன வன்செயல். 2019 ஏப்ரலுக்குப் பின் வாடிக்கையாளர்கள் ஒதுங்கிய மாதங்கள். 2020இல் கொரோனா ஊரடங்கு. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மேலதிகப்பற்றில் ஓடிய கடைகளுக்கு மூச்சு நின்றது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும். ஒன்றின் படபடப்பு அடங்குமுன் அடுத்தது வந்து சேர்ந்தது.

இவற்றோடு அன்றாடம் சேருவது காசோலை. முன்பெல்லாம் வெளியூர்க் காசோலை பணமாக மாறப் பல நாட்கள் செல்லும். அந்த இடைவெளியை நம்பியே பலர் வியாபாரம் செய்தார்கள். 2006இல் லங்காகிளியர் நிறுவனம் காசோலையின் படத்தை அனுப்பித் தீர்வு செய்யும் முறையைக் கொண்டுவந்த பின் அடுத்த வேலை நாளிலேயே கணக்கு தீர்ந்துவிடுகிறது. அது நல்ல முன்னேற்றம்தான், ஆனால் மூச்சுவிடக் கிடைத்த அந்தச் சில நாட்கள் போய்விட்டன.

அழுத்தம் கூடியிருப்பதை எப்படி அறிவது? பிடரி வலி, வயிற்றெரிவு, தூக்கத்தில் பல்லைக் கடித்தல் எல்லாம் உடலின் பாஷை. நடத்தையில் தெரிபவை இன்னும் தெளிவானவை. வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமல் லாச்சிக்குள் போடுவது, மொத்த வியாபாரியின் இலக்கம் தொலைபேசியில் விழுந்தால் எடுக்காமல் விடுவது, ஒரு மீற்றர் துணி பிழையாக வெட்டியதற்குக் கடைப் பையனை வாடிக்கையாளர் முன் ஏசுவது. உங்களைப் பற்றி அந்தப் பையனிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும், ஆனால் அவன் சொல்லமாட்டான். மனைவியிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்தத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது 'காஸ்' என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரஷரும் சீனியும் பார்த்து எவ்வளவு காலமாகிறது என்பதையும் யோசியுங்கள்.

நண்பருக்கு நான் சொன்னது பெரிய வைத்தியம் அல்ல. ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து நான்கு நிரல் போடச் சொன்னேன்: திகதி, யாருக்கு, எவ்வளவு, எந்தக் காசிலிருந்து. அந்த மாதத்துக்கு ஒன்பது காசோலைகள் இருந்தன. எழுதி முடித்தபோது நான்காவது நிரல் வெறுமையாக இருந்தவை இரண்டே இரண்டு. இரண்டு வருடமாக மனிதர் ஒன்பதையும் தூக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்!

அந்த இரண்டுக்கும் உரியவர்களோடு திகதிக்கு ஒரு வாரம் முன்பே பேசினார். முதல் நாள் இரவு பேசுவது வேறு, ஒரு வாரம் முன் பேசுவது வேறு. கொழும்புப் புறக்கோட்டையில் இருப்பவருக்கும் தன்னுடைய காசோலைகள் இருக்கின்றன; நேரத்தோடு சொன்னால் அவரும் ஒழுங்கு பண்ணிக்கொள்வார். ஒருவர் பாதித் தொகையை ஏற்றார். மற்றவர் ஏசினார், பிறகு பத்து நாள் தந்தார். கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம் என்பதால், அந்த ஏச்சு மலிவு.

மாலையில் கடை மூடியபின் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு வாவியைச் சுற்றி நடப்பது உண்மையிலேயே பயன் தரும். ஓடுவதற்காக உடல் திரட்டிய சக்தி அப்போதுதான் செலவாகிறது. பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்டியைக் குறைத்தால் தூக்கத்துக்கு உதவும். இவற்றாலும் தூக்கம் திரும்பாவிட்டால், எதிலும் விருப்பமற்றுப் போனால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், அது கொப்பியால் தீராது. வைத்தியரிடம் காட்ட வேண்டும். மனநோய் கிளினிக் வாசலில் ஊரார் கண்டுவிடுவார்களோ என்று தயங்குபவர்கள் வீட்டிலிருந்தே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

நண்பரின் கொப்பி இப்போது வீட்டில் இருக்கிறது, மனைவியும் பார்க்கிறார். நான்காவது நிரலில் இம்மாதமும் ஒரு வெற்றிடம் உண்டு. இரவு இரண்டு மணி விழிப்பு நாலரைக்குத் தள்ளிப் போயிருக்கிறதாம். அது சுபஹுக்கு எழும்பும் நேரம், அதைக் குறை சொல்ல முடியாது.