சம்மதத்தின் எல்லை

அன்புள்ள கயல்விழிக்கு,

செயலியில் ‘சம்மதிக்கிறேன்’ என்று அழுத்திவிட்டால் அதற்குமேல் நம்மால் எதுவும் கேட்க முடியாதுதானே என்று எழுதியிருந்தாய். பழுத்த வழக்கறிஞர்கள் சிலரும் இப்படித்தான் பேசுகிறார்கள். தவறு, அம்மா. முழுத் தவறு.

தனியுரிமை பற்றிய புட்டசாமி தீர்ப்பை நீ படித்தவள், ஆகவே நான் அதற்குள் போகவில்லை. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவை எடு. அதன் கீழுள்ள எடுத்துக்காட்டுகளை நிதானமாகப் படி. மாணவர்கள் எடுத்துக்காட்டு வந்தாலே தாண்டிப் போய்விடுகிறீர்கள். மெக்காலே வரைந்த தண்டனைச் சட்டம் தொட்டே நம் நாட்டில் சட்டத்தின் மனம் அங்கேதான் திறக்கிறது.

முதல் எடுத்துக்காட்டு எனக்கு மிகப் பிடித்தது. ஒருத்தி தொலைமருத்துவச் செயலி ஒன்றைத் தரவிறக்குகிறாள். மருத்துவ ஆலோசனைக்காகத் தன் தகவலைப் பயன்படுத்தலாமா, அலைபேசியில் உள்ள தொடர்புப் பட்டியலைப் பார்க்கலாமா என்று செயலி கேட்கிறது. அவள் இரண்டுக்கும் சம்மதிக்கிறாள். ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது? வைத்தியம் பார்க்கத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை. ஆகவே அவள் சம்மதம் வைத்தியத்தோடு நின்றுவிடுகிறது. அவளே மனமாரக் கொடுத்தாலும் செல்லாது! அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார். அத்தை, பால்காரர், பழைய தலைமையாசிரியர். அவர்களில் ஒருவரும் எதற்கும் சம்மதிக்கவில்லை. சட்டம் இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஒருவரின் சம்மதம் அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறக்கக் கூடாது.

இரண்டாவது எடுத்துக்காட்டில் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் புகார் செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்கும்படி சம்மதம் வாங்குகிறது. அந்தப் பகுதி செல்லாது. உன் கேள்விக்கு நேரடி விடை இதுதான்.

கதவு என்றதும் கரக் சிங் வழக்கு நினைவுக்கு வருகிறது. கொள்ளை வழக்கில் ஆதாரமில்லாமல் விடுவிக்கப்பட்ட அவர் வீட்டுக்கு உத்தரப் பிரதேசக் காவலர்கள் இரவில் போய்க் கதவைத் தட்டினார்கள். 1962-இல் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகையை மட்டும் ரத்து செய்தது. தனியுரிமை அடிப்படை உரிமை அல்ல என்றது. நீதிபதி சுப்பா ராவ் உடன்படவில்லை. கண்காணிப்புக்கு நடுவே நடமாடுவது சுதந்திரமே அல்ல என்பது அவர் வாதம். 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அவர் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அந்த மாறுபட்ட தீர்ப்பை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. சுருக்கக் குறிப்பை வைத்துத் தேர்வு எழுதாதே; மூலத்தைப் படி.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வருவோம். அதன் புதிய விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. 6-ஆம் பிரிவு போன்றவை நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. ஒரு செயலியின் தனியுரிமைக் கொள்கையைத் திறந்தால் முதல் பத்தியில் வரும் ‘உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்’ என்ற வரியில் மயங்காதே. கொள்கை இருப்பதாலேயே தகவல் பத்திரமாக இருக்கிறது என்று பொருளில்லை. என்ன செய்யப்போகிறார்கள் என்ற அறிவிப்புதான் அது. யாரோடு பகிர்கிறார்கள் என்பதைத் தேடு. குறைதீர்ப்பு அலுவலர் பெயரைத் தேடு. புகாரை அவர் ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததும் சம்மதக் கோரிக்கையைத் தமிழில் படிக்கும் வசதியைக் கேள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி எதிலும் அதைத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

இந்தச் சட்டத்தில் என்னால் ஏற்க முடியாதது ஒன்று உண்டு. தகவலைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; அந்தப் பணம் முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வழி செய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இதே சட்டம் நீக்குகிறது. இழந்தவருக்கு ஒரு காசு கிடையாது. இது எந்த வகை நீதி? உன் பருவக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுவதாகச் சொன்னாயே, இதை எடுத்துக்கொள். 43ஏ-வை நீக்கும் 44-ஆம் பிரிவிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் ஆசிரியர்