கமிஷனில் பங்கு கேட்கலாமா?

கேள்வி: ஓய்வுபெற்றபோது வந்த 20 லட்சத்தை மொத்தமாக மியூச்சுவல் ஃபண்டில் போடப்போகிறேன். பெரிய தொகையாயிற்றே, ஏஜென்ட்டிடம் கமிஷனில் பங்கு கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். விநியோகஸ்தர் தன் கமிஷனை முதலீட்டாளருடன் பங்கிடுவது மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் விதிகளுக்குப் புறம்பானது. தானாகவே தருகிறேன் என்று வருபவரிடம் கொஞ்சம் உஷாராகவே இருங்கள். நுழைவுக் கட்டணத்தைக் குறைக்கலாம் என்றால், அதைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2009 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டது.

நிஜமான தள்ளுபடி டைரக்ட் பிளானில் இருக்கிறது. 2013 முதல் கிடைக்கிறது. அதே ஃபண்ட்தான், கமிஷன் இல்லாததால் ஆண்டுச் செலவு குறைவு. அரை சதவிகிதம் மிச்சமானாலே உங்கள் தொகைக்கு வருடம் 10,000 ரூபாய்! தனியாகத் தேர்ந்தெடுக்கத் தயக்கமா? செபியில் பதிவுபெற்ற ஆலோசகரிடம் போங்கள். அவருடைய கட்டணத்தில் தாராளமாகப் பேரம் பேசலாம்.