நுழைவுத் தேர்வில் வரிசைப் புதிர்கள்

சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பலரைத் திணற வைப்பது, 'யார் முதலில், யார் பிறகு' என்று கேட்கும் வரிசைப் புதிர்தான். 'கிளாட்' தேர்வு 2020 முதல் பத்திகளைப் படித்து விடையளிக்கும் முறைக்கு மாறியதால் அங்கே இவை குறைந்துவிட்டன. தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தனியே நடத்தும் 'ஐலெட்' தேர்வில் 150 கேள்விகளில் 70 தர்க்க அறிவுக்கானவை. இத்தகைய புதிர்களுக்கும் அங்கே இடமுண்டு. இரண்டு மணி நேரம் என்றால் கேள்விக்கு 48 விநாடி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும்.

நமக்குப் பழக்கமான ஆண்டு விழாவையே எடுத்துக்கொள்வோம். வீணை, மாறுவேடம், நாடகம், பரதம், கும்மி, சொற்பொழிவு என ஆறு நிகழ்ச்சிகள், ஒன்றன்பின் ஒன்றாக. நிபந்தனைகள்:

மாறுவேடம் முடிந்த மறு நிகழ்ச்சியே நாடகம் (அதே பிள்ளைகள், அதே வேடம்). வீணை வாசிக்கும் அம்மா தம் குழந்தைக்கு வேடம் போட வேண்டும். எனவே வீணை மாறுவேடத்துக்கு முன் எப்போதாவது வர வேண்டும். பரதமும் கும்மியும் ஒரே பெண்கள். உடை மாற்ற இடையில் சரியாக ஒரு நிகழ்ச்சி வேண்டும், எது முதலில் என்பது முக்கியமில்லை. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து சீக்கிரம் கிளம்புபவர். சொற்பொழிவு முதலிலும் கூடாது, கடைசியிலும் கூடாது.

ஆறு நிகழ்ச்சிகளை 720 விதமாக அடுக்கலாம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவர் முதல் புதிரிலேயே நேரத்தைத் தொலைப்பார். எந்த நிபந்தனை அதிக இடத்தை அடைக்கிறதோ அதை முதலில் வைக்க வேண்டும். இங்கே அது மாறுவேடம்–நாடகம் ஜோடி. இதற்கு ஐந்து இடங்கள்தான் உண்டு.

1-2: வீணைக்கு முன்னால் இடமில்லை; ஆகாது. 3-4: மீதி இடங்கள் 1, 2, 5, 6. இவற்றில் ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு இடம் கிடையாது. பரதமும் கும்மியும் எங்கே போகும்? 4-5: பரதமும் கும்மியும் 1, 3, வீணை 2, சொற்பொழிவு 6 என்றாகிவிடும், விருந்தினர் இருக்க மாட்டார். மிஞ்சியவை 2-3, 5-6 இரண்டே. ஆக, நாடகம் மூன்றாவது அல்லது ஆறாவது. கேள்விகளைப் படிக்கும் முன்பே இவ்வளவும் கையில் வந்துவிடுகிறது. பலர் அவசரத்தில் விட்டுவிடும் இடமும் இதுதான்.

ஜோடி 2-3 எனில் வீணை 1, சொற்பொழிவு 5. பரதமும் கும்மியும் 4, 6. ஜோடி 5-6 எனில் பரதமும் கும்மியும் 1, 3 அல்லது 2, 4. முன்னதில் வீணையும் சொற்பொழிவும் 2, 4 ஆகிய இடங்களை எப்படியும் பகிர்ந்துகொள்ளலாம்; பின்னதில் வீணை 1, சொற்பொழிவு 3 மட்டுமே. மொத்தம் எட்டு வரிசைகள்.

இனிக் கேள்வி: "சொற்பொழிவு நான்காவது எனில் இரண்டாவது எது?" வீணை. "பரதம் கடைசி எனில்?" வரிசை முழுவதும் தீர்மானமாகிவிடுகிறது: வீணை, மாறுவேடம், நாடகம், கும்மி, சொற்பொழிவு, பரதம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். 'முன்' என்பதும் 'உடனடியாக முன்' என்பதும் வேறு. பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான், கணக்கில் அல்ல. ஒவ்வொரு நிபந்தனையையும் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் புரியவில்லை என்று பொருள். நமக்குச் சட்டமும் தெரிய வேண்டாம், கணிதமும் தெரிய வேண்டாம், கேட்டால் போதும்.

காகிதத்தில் கட்டம் போடாமல் இதைத் தொடவே கூடாது. அமெரிக்காவின் 'எல்சாட்' தேர்வில் இத்தகைய புதிர்களுக்குத் தனிப் பகுதியே இருந்தது. பார்வையற்றவர்களால் கட்டம் வரைய முடியாது என்று தொடரப்பட்ட வழக்கில் 2019இல் உடன்பாடு ஏற்பட்டு, 2024 ஆகஸ்டு முதல் அந்தப் பகுதியே நீக்கப்பட்டது.

பயிற்சிக்கு ஒன்று: விருந்தினர் மனமிரங்கிக் கடைசி வரை இருக்கச் சம்மதிக்கிறார், முதலில் மட்டும் பேச முடியாது. எட்டு வரிசைகள் பத்தாகும். அந்த இரண்டும் எவை?